அது வெறும் கோப்பை இல்லை

இத்தாலியின் அமெச்சூர் கால்பந்துக் கோப்பையான கொப்பா இத்தாலியா திலெத்தாந்தியை, இத்தாலியக் கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அது பெரிய வருத்தம். முதலில் ஒவ்வொரு பிராந்தியமும் தனக்குள் விளையாடி ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கும், அப்புறம்தான் தேசியச் சுற்று, அதை வென்றால் ஐந்தாம் நிலை லீக்கான எச்செலென்சாவிலிருந்து நேரே நான்காம் நிலையான செரியே டிக்குப் போகலாம். வென்ற அணி ஏற்கெனவே லீக் வழியாக முன்னேறியிருந்தால் அந்த இடம் இறுதியாட்டத்தில் தோற்ற அணிக்குக் கிடைக்கும், அதனால் இறுதிக்கு வருவதே பெரிய விஷயம். நான் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருக்கிறேன். புதன்கிழமை பின்னேர ஆட்டங்களுக்குப் போனால் வேலை உடுப்போடு ஓடிவந்து, காருக்குள்ளேயே பூட்ஸ் நாடா கட்டுகிற பெடியன்களைப் பார்க்கலாம். செரியே டி சின்ன இடமும் இல்லை. 2019இல் பணச் சிக்கலில் விழுந்த, எங்கள் நகரின் பெரிய அணியான பலெர்மோ கழகமே அங்கிருந்துதான் திரும்ப ஏறி வந்தது.