கணுக்கால் பிரேஸ் போட்டால் தசை சோம்பிவிடுமா?

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் கணுக்கால் பிரேஸ் போட்டால் தசை சோம்பிவிடும், போடவே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் பிரேஸைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். இந்த நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சேதமாகிறது. பாதத்தைத் தூக்கும் தசைக்குக் கட்டளை சரியாகப் போய்ச் சேராததால்தான் பாதம் தொங்குகிறது. முழங்காலுக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை வரும் ஏஎஃப்ஓ (AFO) என்ற கணுக்கால்-பாத பிரேஸ், நடக்கும்போது விரல்நுனி தரையில் இடறாமல் தாங்கிக்கொள்கிறது. சுளுக்குக்கு மெடிக்கலில் வாங்கும் எலாஸ்டிக் உறை இந்த வேலையைச் செய்யாது. ஏஎஃப்ஓ நோயைக் குணப்படுத்தாது என்பது சரி. பிசியோதெரபி பயிற்சிகளைத் தொடரத்தான் வேண்டும். அப்புறம், கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மரத்துப்போன காலில் புண் வந்தாலும் தெரியாது.