குளிர்ந்த இரும்பும் அவசரக் கைகளும்

நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரையில் சவாரிக் குதிரைகளுக்குச் சிலர் கடிவாளம் மாட்டும் விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இந்த ஊரில், தை மாத விடியலில் புல்மேல் உறைபனி படியும் குளிரில், இரவெல்லாம் வெளியே தொங்கிய கடிவாளத்தின் வாயிரும்பை, அதாவது குதிரையின் வாய்க்குள் செல்லும் இரும்பை, அப்படியே அதன் பல்லில் இடித்துத் திணிக்கிறார்கள். குதிரை தலையை உயர்த்தினால், முரட்டுக் குதிரை என்று ஏசுகிறார்கள்.

அந்த இரும்பை உள்ளங்கைகளுக்குள் சற்று நேரம் பொத்தி வைத்திருந்தாலே குளிர் விட்டுப்போகும். பின்னர் குதிரையின் இடப்புறம் நின்று, காதுகளுக்குப் பின்னால் அமரும் தலைப்பட்டையை வலக்கையால் உயர்த்திப் பிடித்து, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே இயல்பாகவே பல்லில்லாதிருக்கும் ஈறில் இடக்கைப் பெருவிரலை மெல்ல வைத்தால், பெரும்பாலான குதிரைகள் தாமாகவே வாயைத் திறக்கும். இதற்கு எவ்வளவு நேரம்தான் ஆகிவிடும்? காதுகளைக் கசக்கிப் பட்டைக்குள் இழுப்பது இன்னும் கொடுமை. வலித்த காதைக் குதிரை மறப்பதில்லை, மறுநாள் கை நெருங்கும்போதே தலையைத் திருப்பிக்கொள்ளும். தொண்டைப்பட்டையில் நான்கு விரல் நுழைய இடமிருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. மாலையில் கழற்றும்போதாவது, குதிரை தானே இரும்பை விடும்வரை காத்திருங்களேன். வெடுக்கென்று இழுத்தால் அது கீழ்ப்பற்களில்தான் மோதுகிறது.