சீமனை விட்டுவிட்டீர்களே

டி.என்.ஏ. இழைகளால் நுண்ணிய வடிவங்கள் கட்டும் நானோ ஆய்வுக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கான உங்கள் கட்டுரை, 2006-இல் விஞ்ஞானி ராத்மண்ட் டி.என்.ஏ. இழையை மடித்துக் காட்டிய சிரிப்பு முகத்தில் தொடங்குகிறது. சரி, ஆனால் இத்துறையைத் தொடங்கிவைத்த நெட் சீமன் எங்கே? புரதங்களைப் படிகமாக அடுக்க டி.என்.ஏ. சட்டகம் கட்டலாம் என்று அவர் எழுதியது 1982-இல். டி.என்.ஏ.வால் ஆன கனசதுரம் 1991-இல் வந்தது. திட்டமிட்டபடி முப்பரிமாணப் படிகம் கிடைத்தது 2009-இல்தான்! அவ்வளவு பொறுமைக்கு இன்று எந்த நிதியுதவி காத்திருக்கும்?

இப்போது டி.என்.ஏ.வை வடிவமாக மடிக்கும் செய்முறை சுலபம்தான். எம்13 வைரஸின் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து நீள இழை, அதை மடித்துப் பிடிக்கும் இருநூறு சொச்சம் குட்டி இழைகள், மெக்னீசியக் கரைசல். சூடாக்கி மெல்ல ஆறவிட வேண்டும். அப்புறம், வந்ததைச் சோதிக்க, மின்சாரத்தால் டி.என்.ஏ.வை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் பாதி சரக்கு குழியிலேயே கட்டிதட்டி நிற்கும். வடிவங்களைக் கணினியில் வரையப் பழகும் தம்பி தங்கைகள் முதலில் ஜெல் ஓட்டப் பழகுங்கள்.