'த்ரெஷ்ஷோல்ட்' வைக்கோலைத் தடுத்த கட்டை அல்ல

1500-களில் இங்கிலாந்து வீடுகளில் 'த்ரெஷ்' என்ற வைக்கோலைத் தரையில் பரப்பினார்களாம். அது வெளியே சரியாமல் தடுக்க வாசலில் போட்ட கட்டைதான், வாசற்படியைக் குறிக்கும் 'த்ரெஷ்ஷோல்ட்' (threshold) என்ற ஆங்கிலச் சொல் ஆனதாம். 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய இந்தக் கதையை இன்னும் பகிர்கிறார்கள். தவறு.

தரையில் கோரை பரப்பியது உண்மை, சரி. ஆனால் வைக்கோலுக்கு 'த்ரெஷ்' என்று பெயர் இருந்ததில்லை. அது கதிரடிப்பதைக் குறிக்கும் வினைச்சொல். ஆதியில் காலால் மிதிப்பதைக் குறித்தது. தடியால் அடிப்பது அப்புறம் வந்த பொருள் என்பதே அகராதியாளர்களின் கருத்து. வாசற்படியும் மிதித்துக் கடக்கும் இடம்தானே!

'ஹோல்ட்' (hold, பிடித்து நிறுத்துவது) என்று பின்பாதியைப் பிரிப்பதும் பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில் முழுச் சொல்லும் 'தெர்ஸ்க்வால்ட்', 'த்ரெஸ்கோல்ட்' என்றுதான் இருந்தது, அதுவும் 1500-க்குப் பல நூற்றாண்டுகள் முன்பே.