பாடல் பிறந்த பிறகு

கிறிஸ்தவ மேடைகளில் "பாடல் பிறந்த கதை" சொல்வது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. கப்பல் மூழ்கும், பிள்ளைகள் இறப்பார்கள், புயல் அடிக்கும், கண் பார்வை பறிபோகும். அந்த இருட்டில் ஒருவர் பேனாவை எடுப்பார், பாடல் பிறக்கும், பாடகர் குழு எழுந்து நிற்கும். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இந்தக் கதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கதையும் பாடலின் கடைசி வரி எழுதப்பட்டவுடன் நின்றுவிடுவது நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த மனிதர்கள் வாழ்ந்தார்கள். பலருக்கு உண்மையான சோதனையே அதற்குப் பிறகுதான் வந்தது.

சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதை எல்லோருக்கும் தெரியும். 1873 நவம்பரில் அட்லாண்டிக் கடலில் இரண்டு கப்பல்கள் மோதியதில் அவருடைய நான்கு மகள்களும் இறந்தார்கள். மனைவி அன்னா மட்டும் பிழைத்துத் தந்தி அனுப்பினார். என்ன நேர்ந்தாலும் என் ஆத்துமாவுக்கு நலமே என்ற பாடல் அந்தத் துக்கத்தில் பிறந்தது. பிரசங்கம் இங்கே முடிந்துவிடும். பிறகு அவர்களுக்கு ஒரு மகன் பிறந்ததையும், 1880இல் அந்தக் குழந்தையும் காய்ச்சலில் இறந்ததையும் யாரும் சொல்வதில்லை. தாங்கள் சார்ந்திருந்த சபையோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த உறவு முறிந்தது. 1881இல் ஒரு சிறு கூட்டத்தோடு எருசலேமுக்குப் போய், உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். 1888இல் ஸ்பாஃபோர்ட் மலேரியாவில் அங்கேயே இறந்தார். அவர்கள் தொடங்கிய அந்தக் குடியிருப்புதான் முதல் உலகப்போர்க் காலத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி திறந்தது. அந்தப் பாடலுக்கு இதைவிடப் பெரிய விளக்கவுரை உண்டா?

அதே பாடலுக்கு மெட்டமைத்த ஃபிலிப் பிளிஸின் பெயரோ மேடையில் ஒலிப்பதே அரிது. பாடல் அச்சேறிய அதே 1876ஆம் ஆண்டு டிசம்பர் 29 இரவு, ஒஹாயோ மாநிலத்தில் ஆஷ்டபூலா என்ற இடத்தில் பனிப்புயலுக்கு நடுவே பாலம் இடிந்து ரயில் ஆற்றுக்குள் விழுந்து தீப்பற்றியது. பிளிஸும் அவர் மனைவியும் அதில் இறந்தார்கள். அவருக்கு வயது 38. இன்று அந்தப் பாடலின் முதல் இரண்டு சுரங்களைக் கேட்டவுடனே நெஞ்சு இளகுகிறதென்றால் அது பிளிஸ் செய்த வேலை. சொல் எழுதியவருக்குக் கதை, மெட்டுப் போட்டவருக்கு மௌனம் என்று நாம் பங்கு பிரித்து வைத்திருப்பது அநியாயம்.

அடுத்து வில்லியம் கூப்பர். இவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்று" என்று நாம் பாடும் பாடலின் மூலத்தை எழுதியவர். தற்கொலை செய்துகொள்ளப் புறப்பட்டார், வண்டிக்காரன் மூடுபனியில் வழி தவறி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டான், கடவுளின் அதிசய வழிகளைப் பற்றி உடனே பாட்டு எழுதினார், மனச்சோர்வு நீங்கியது என்று ஒரு கதை சுற்றுகிறது. நடந்தது வேறு. 1763இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றது உண்மை. பிறகு மனநல விடுதியில் இருந்தார், விசுவாசத்துக்கு வந்தார், ஓல்னி என்ற சிற்றூரில் போதகர் ஜான் நியூட்டனுக்கு அண்டை வீட்டுக்காரரானார். கடவுளின் மறைவான வழிகளைப் பற்றிய அந்தப் பாடல் 1773இல் அவர் மறுபடியும் நிலைகுலைவதற்குச் சற்று முன்பு எழுதப்பட்டது. அதாவது பாடலுக்குப் பிறகுதான் இருள் வந்தது. அந்த ஆண்டிலேயே மீண்டும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற முடிவுக்கு வந்து, அதற்குப் பின் கோவில் வாசலையே மிதிக்கவில்லை.

27 ஆண்டுகள் அப்படியே வாழ்ந்து 1800இல் இறந்தார். இடையில் நல்ல நாட்களும் இருந்தன. முயல்கள் வளர்த்தார், தோட்டம் போட்டார், இங்கிலாந்து கொண்டாடிய கவிதைகளை எழுதினார். மேரி அன்வின் என்ற விதவைத் தாய் ஆண்டுக்கணக்கில் அவரைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார். ஆனாலும் 1799இல் எழுதிய அவருடைய கடைசிக் கவிதை, நடுக்கடலில் கப்பலிலிருந்து விழுந்து, யாரும் காப்பாற்ற முடியாமல் மூழ்கும் ஒரு மாலுமியைப் பற்றியது. அந்த மாலுமியைவிட ஆழத்தில் நான் மூழ்கினேன் என்று தன்னைச் சொல்லி முடிக்கிறார்.

இதை ஏன் மறைக்கிறோம்? மனச்சோர்வோடு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், "கூப்பர் பாடினார், குணமானார்" என்று சொன்னால், பாடியும் குணமாகாத அவர் தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அது கொடுமை. தான் கைவிடப்பட்டதாகவே நம்பிய ஒருவர் எழுதிய வரிகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக லட்சக்கணக்கானவர்களைத் தாங்கியிருக்கின்றன என்ற உண்மையில் ஆறுதல் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். நியூட்டன் அந்த நண்பரை விட்டு ஓடாமல், மாதக்கணக்கில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நியூட்டன் கதையும் அரைகுறையாகத்தான் உலவுகிறது. 1748இல் புயல், கதறல், மனமாற்றம், அடிமை வியாபாரத்தை உதறினார், 'அமேஸிங் கிரேஸ்' என்று அற்புதமான கிருபையைப் பாடினார். காலவரிசையைப் பாருங்கள். அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள் போனார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். கடல் தொழிலை விட்டதற்குக் காரணம் உடல்நலக் குறைவு. கிருபைப் பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் அச்சிட்டு வெளியிட்டதோ 1788இல். புயலுக்கும் அதற்கும் இடையே 40 ஆண்டுகள். அந்த வெளியீட்டில் தன் பங்கை அவர் மறைக்கவில்லை. இந்த அறிக்கை மிகவும் காலம் தாழ்ந்து வருகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மனமாற்றம் ஓர் இரவில் முடிந்துவிடும் என்று போதிப்பவர்களுக்கு இந்தத் தேதிகள் சங்கடம் தரும். தரட்டும். நாம் இன்று பாடும் மெட்டை நியூட்டன் ஒருநாளும் கேட்டதில்லை. வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் 1835இல்தான் இந்த வரிகளை அந்த மெட்டோடு சேர்த்தார்.

தமிழ்ப் பாடல்களுக்கு வந்தாலும் இதே நிலைதான். ஜெர்மனியிலிருந்து 1740இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி ஃபப்ரீஷியஸ், சென்னை வேப்பேரியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். வேதாகமத்தை மொழிபெயர்த்தார், அகராதி செய்தார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். அவருடைய தமிழாக்கங்கள் நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்திருக்கின்றன. அவர் முதுமையில் பணவிவகாரங்களில் சிக்கி, கடனுக்காகச் சிறைக்குப் போனவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஃபப்ரீஷியஸின் தமிழுக்காகப் போராடியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சையின் சரபோஜி மன்னரோடு படித்து, பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். புதிதாக வந்த மிஷனெரிகள் பழைய மொழிபெயர்ப்பை மாற்ற முனைந்தபோது எதிர்த்தார். ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாடல்களை நீக்கியபோது கொதித்தார். இன்று கோவிலில் ராகமும் தாளமும் ஒலிக்க அவரைப் போன்றவர்களின் பிடிவாதமும் ஒரு காரணம். அதே போராட்டத்தில், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரே பாத்திரத்தில் நற்கருணை கொடுப்பதையும் அவர் கொடுமை என்றே எழுதினார். இசை விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது, சாதி விஷயத்தில் அவர் செய்தது பெரிய பிழை. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே வழக்கு. நான் அவருடைய கீர்த்தனைகளை மனமாரப் பாடுகிறேன்; இன்னும் பாடுவேன். ஆனால் அவரைப் பற்றிப் பேச மைக் பிடிக்கும்போது இரண்டாவது பாதியை விழுங்கிவிட்டுப் பேச என்னால் முடியாது. அந்தப் பந்திப் பிரிவினையால் காயப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே கீர்த்தனையைத்தான் நமக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார்கள்.

"பரிசுத்தவான்களின் குறையைக் கிளறினால் விசுவாசிகள் இடறுவார்கள்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த வாதத்தின்மேல் இல்லை. 51ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் படித்துப் பாருங்கள். தாவீது ராஜா பிறன் மனைவியான பத்சேபாளிடம் போனதும், அதற்காக நாத்தான் தீர்க்கதரிசி வந்து நின்றதும் பாடலின் நெற்றியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தொகுத்தவர்கள் பாடகரின் பெயரைக் காப்பாற்ற நினைத்திருந்தால் ஒரு வரியை அழித்தால் போதும். அழிக்கவில்லை.

மெட்டமைத்தவர்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். உலகமே பாடும் 'அமைதியான இரவு' கிறிஸ்துமஸ் பாடலின் மெட்டு ஹைடனுடையது என்றும் மொஸார்ட்டுடையது என்றும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1818இல் அதை அமைத்தவர் ஃபிரான்ஸ் குரூபர் என்ற ஆஸ்திரிய கிராமப் பள்ளி ஆசிரியர். பெர்லின் அரசவை இசைக் குழு விசாரித்தபோது, 1854 டிசம்பரில், பாடல் பிறந்து 36 ஆண்டுகள் கழித்து, இது தான் அமைத்த மெட்டுதான் என்று அவரே உட்கார்ந்து எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. வரிகளை எழுதிய குருவானவர் யோசஃப் மோர் சாட்சி சொல்ல அப்போது உயிரோடு இல்லை. ஏழையாக 1848இல் இறந்துவிட்டார். அவர் கைப்பட எழுதிய பிரதி 1995இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மெட்டு குரூபருடையது என்று அதில் அவர் குறித்து வைத்திருந்தார்.

மோர் அன்று எழுதி வைத்த அந்த ஒரு வரி போன்றதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் தாத்தாவோ பாட்டியோ பாட்டெழுதிய உபதேசியாராக, ஆர்மோனியத்தில் மெட்டமைத்தவராக, பாடகர் குழுவை நடத்தியவராக இருந்தால், வீட்டில் இருக்கும் நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். எந்த ராகம், யார் மெட்டு, எந்த ஆண்டு, யாரோடு சண்டை, எவ்வளவு கடன், எதையும் விடாமல் எழுதுங்கள். முடிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழேயே தொடங்குங்கள்.