டொலர் எங்கள் லயத்துக்கு வராதாம்!

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் வந்தாயிற்று. முழுவதும் பார்த்தும் விட்டேன். "தோட்ட மக்கள் ரூபாவில் சம்பளம் வாங்கி ரூபாவில் செலவழிக்கிறவர்கள், டொலர் ஏறினால் அவர்களுக்கு என்ன, இறங்கினால் என்ன" என்று மேடையில் பேசிய ஐயா ஒருவர் சொன்னதையும், பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டிச் சிரித்ததையும் பார்த்தேன். சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

சரி, கோபத்தை ஓரமாக வைப்போம். உயர்தரத்துக்கு வணிகப் பிரிவு படிப்பிக்கிறவள் என்ற முறையில் பேசுகிறேன். டொலர் ஏறினால் முதல் அடி ரூபாவில் கூலி வாங்குகிறவருக்குத்தான். டொலரில் சம்பாதிக்கிறவருக்கு அது லாபம். டொலரை வெளிநாட்டில் வைத்திருக்கிறவருக்கு அது கொண்டாட்டம். எங்கள் லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், காலையில் ரொட்டி, பல வீடுகளில் இரவிலும் ரொட்டி. அந்தக் கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை ஐயா. பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய், ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸின் டீசல், எல்லாம் கப்பலில் வருகிறது. கப்பல்காரன் ரூபா வாங்குவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோது டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. அதாவது ஒரு நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் 5 டொலர். 2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி டொலர் விலை மேல் வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா. அதே 1000 ரூபா 2.80 டொலருக்கும் கீழே போய்விட்டது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் (அரை நாள் கூலி) போடவில்லை, தோட்டத்து மேலாளரான துரை சம்பளத்தை வெட்டவில்லை. ஆனாலும் கூலி பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. அதே நேரம் அந்தக் கைகள் பறித்த கொழுந்து, வெளிநாட்டுக்கு டொலரில் விற்கிற தேயிலையாகி, கொழும்பு ஏலத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு ரூபாவுக்கு விலை போனது.

"தோட்டக் கம்பனிக்கு உரமும் எரிபொருளும் டொலரில்தானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். கம்பனியின் உரத்துக்குள் இருக்கிற டொலர் உங்களுக்குத் தெரிகிறது. எங்கள் மாவுக்குள் இருக்கிற டொலர் மட்டும் ஏன் தெரிவதில்லை?

அந்த நாட்களில் எங்கள் தோட்டத்துக் கடைக்கார அண்ணன், பால்மா பக்கெட்டை உடைத்து, பழைய கொப்பித் தாளில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்றார். முழுப் பக்கெட் வாங்க யாருக்கு முடிந்தது? பொட்டலத்தின் மேல் விலை எழுத மாட்டார். நாளைக்கு என்ன விலை என்று அவருக்கே தெரியாது. என் அம்மா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். இன்றைக்கும் செய்தியில் நாணய மாற்று வீதம் சொல்லும்போது தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறவர் அவர்தான். டொலர் தெரியாதவர்களாம்!

"அப்படியென்றால் டொலரை 203 ரூபாவிலேயே பிடித்து வைத்திருக்கச் சொல்கிறீர்களா டீச்சர்?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். இல்லை. பிடித்து வைத்ததுதான் வினை. 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், அரசாங்கத்தின் பற்றாக்குறைக்கு மத்திய வங்கி காசு அச்சடித்தது, வட்டியையும் அடிமட்டத்தில் வைத்தார்கள். பெருகிய ரூபா இறக்குமதிப் பொருளைத் தேடித்தான் போகும், டொலரைத்தான் கேட்கும். கையில் டொலர் இல்லாமல் 203 என்று பலகையில் எழுதி வைத்தால் யார் கொண்டுவந்து கொடுப்பார்? குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் அக்காவே வங்கியை விட்டு, டொலருக்குக் கூட ரூபா கொடுத்த உண்டியல்காரர்கள் வழியாக அனுப்பினாள். தேசத் துரோகம் என்பீர்களா? அவள் அனுப்பும் காசில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வங்கி வழியாக வந்த வெளிநாட்டுப் பணம் 2020 இல் 710 கோடி டொலர், 2022 இல் 380 கோடி. ரூபாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க விட்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வலித்திருக்கும்.

அப்புறம் 2022 ஏப்ரலில், வங்கிகளுக்கு மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார்கள். வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். கடன் வாங்குவது குறையும், இறக்குமதி குறையும், ரூபாவை வைத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் சரியாக இருக்கிறது. ஆனால் அந்த வட்டி முச்சக்கரவண்டி லீசிங்கிலும் அடகுக் கடைச் சீட்டிலும் வந்து உட்கார்ந்ததே, அதைச் சொல்ல அந்த மேடையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டதே" என்பது அடுத்த சமாதானம். 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். எனக்கும் தெரியும், வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறவள் நான்தான். 100 ரூபாச் சாமான் 170 ஆகி, அடுத்த வருடம் 172 ஆனது என்பதுதான் அந்த எண்கள் சொல்வது. ஏறிய வேகம் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. ஏறிய விலையை எட்டிப் பிடிக்கக் கூலிதான் ஏற வேண்டும். அது 1350 ஆக 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டொலர் 300 என்று வைத்தால் 4.50 டொலர். அப்போதும் 2021 இன் 5 டொலருக்குக்கூட வரவில்லை.

இதில் எனக்கு நெஞ்சு எரிவது எங்கே தெரியுமா? ஒவ்வொரு முறை கூலி கேட்கும்போதும் "கூட்டினால் பணவீக்கம் வரும்" என்று பாடம் எடுப்பார்களே, அங்கேதான். 69.8 சதவீதம் வந்த வருடம் எங்கள் நாட்சம்பளம் அதே 1000 ரூபா. அந்தப் பணவீக்கத்தை நாங்களா கொண்டுவந்தோம்? அச்சடித்தது நாங்களா? வரியைக் குறைத்தது நாங்களா?

"டீச்சர், உங்களுக்கு அரசாங்கச் சம்பளம், உங்களுக்கேன் இந்தச் சூடு" என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். தம்பி, நான் படித்தது அம்மாவின் கூலியில். அம்மா வாழ்நாள் முழுக்கக் கூடை சுமந்ததில் மிஞ்சியது ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு ஒன்றுதான். 2022 க்கு அந்த நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். விலைவாசி எவ்வளவு ஏறியது என்று மேலே எழுதியிருக்கிறேன். லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்ற என்று அம்மா ஒதுக்கி வைத்திருந்த காசு அது. கடைசியில் அடுப்படிப் பக்கத்துக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. எனக்கேன் சூடு என்று இன்னும் விளங்காதவர்கள் கீழே வந்து கேளுங்கள், பதில் தருகிறேன். சிரிக்கும் பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களை இந்த முறை நேரே பிளொக் பண்ணிவிடுவேன்.