கிணற்றை மூடுவதற்கு முன்னால்

எங்கள் ஊர் நகராட்சிக் கிணற்றைப் பற்றி மூன்று வாரமாக ஊரே பேசுகிறது. மூடலாமா, மருந்து போடலாமா, லாரித் தண்ணீர் விடலாமா என்று டீக்கடையில்கூடப் பட்டிமன்றம். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். தாமிரபரணிக் கரையில் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ஆச்சிதான். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் விட்டதும் குடத்தைக் கழுவிப் பிடித்தவர், குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏ ஐயா, இது ஆத்துத் தண்ணியா, ஓடைத் தண்ணியா? வாடை அடிக்கே" என்றார். நான் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். அரை மணி நேரத்தில் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி மண்டி. மறுநாள் குடத்தின் உள்பக்கத்தைத் தடவினால் வழவழவென்று இருந்தது.

புகார் சொன்னதும் ஒருவர், தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற குளோரோஸ்கோப்போடு வந்தார். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து இரண்டு சொட்டு விட்டார். லேசாக மஞ்சள் தட்டியது. "குளோரின் இருக்கு சார், பயப்படாதிய" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லிக் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த மஞ்சள், தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். தண்ணீரில் வேறு என்ன இருக்கிறது என்று சொல்லாது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற நண்பர் ஒருவர், உள்ளே மருந்து தடவிய சின்னக் குப்பி ஒன்று கொடுத்தார். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக் கிருமி இருக்கும்பட்சத்தில் ஒன்றிரண்டு நாளில் கறுத்துப் போகும். தெருமுனைக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் மை மாதிரி இருந்தது. இதை முடிவான பரிசோதனை என்று சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்பதற்கு இது போதும்.

எங்கள் கிணறு ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறு. ஆற்று மணல்தான் அதற்கு வடிகட்டி. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் மணலுக்குள் மெல்ல இறங்கி, அழுக்கை மேலேயே விட்டுவிட்டுக் கிணற்றில் சுரக்கும். மணலை அள்ளினால் வடிகட்டியையே அள்ளிப்போட்ட கணக்கு. 2010-ல் நல்லகண்ணு ஐயா உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடி, இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை வாங்கினாரே, அதில் குடிதண்ணீரும் அடங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் மிச்சமிருக்கிற மணல் கொஞ்சம்தான். அதற்கு மேல்பக்கம், நடந்தே எண்ணினேன், இருநூற்றுப் பத்துக் காலடி தூரத்தில், ஊர்ச் சாக்கடை ஓடை ஆற்றில் விழுகிறது. ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரியும் அங்கேதான் வந்து நிற்கிறது.

இதை வைத்துக்கொண்டு கிணற்றை மூடுவோம் என்கிறார்கள். கிணறு என்னய்யா பாவம் செய்தது?

இன்னொரு யோசனை, குளோரினைக் கூட்டுவது. கிருமி மட்டும் என்றால் சரி. அப்போதும், சாக்கடை கலந்த தண்ணீரில் போட்ட குளோரினில் பெரும்பகுதி அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். சாக்கடையிலிருந்து வரும் நைட்ரேட் என்கிற உப்பு கலந்திருந்தால் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று எங்கள் தெருவிலேயே இரண்டு தாய்மார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் என்ன கலந்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள் என்கிறேன்.

ஆர்ஓ எந்திரம் வைக்கலாம் என்கிறார் கவுன்சிலர் அண்ணாச்சி. வைக்கட்டும். அது ஒதுக்கித் தள்ளுகிற கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "ஓடையிலதான் விடணும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒரு மாதத்துக்கு லாரித் தண்ணீர் விடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு மாதத்தில் ஓடையை ஆற்றுக்குள் விழாமல் திருப்புங்கள். ஆய்வக முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். நூறு மில்லியில் ஈ-கோலை என்கிற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். எத்தனை இருந்தது என்று ஆச்சிக்கும் தெரியட்டும். வாசிக்கத் தெரியாது, நான் வாசித்துச் சொல்கிறேன்.

நானும் யோக்கியன் இல்லை. மூன்று வாரமாகக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறேன். ஆச்சி இன்னும் அந்தக் குடத்தோடுதான் வரிசையில் நிற்கிறார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மன்றக் கூட்டம். கறுத்த குப்பியை எடுத்துக்கொண்டு போகிறேன். எங்கள் தெருவில் இருந்து ஆறு பேர் வருகிறோம்.